பாகுத்தன்மை குறைந்த எப்பாக்சி ரெசினை உருவாக்குவது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எப்பாக்சி ரெசினின் பாகுத்தன்மையைக் குறைப்பது எளிது. மெல்லிய திரவம் ஒன்றை ஊற்றிக் கலக்கினால் குறைந்துவிடும். ஆனால் குறைத்த பிறகும் அந்த ரெசின் முழுமையாக இறுக வேண்டும், வெப்பத்தில் தளராமல் நிற்க வேண்டும், இழைகளைப் பற்றிக்கொண்டு சுமையைக் கடத்த வேண்டும். சிரமம் அங்கேதான் தொடங்குகிறது. இழையையும் ரெசினையும் சேர்த்துச் செய்யும் கூட்டுப்பொருள் துறைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் டைல்யூவன்ட், அதாவது நீர்க்கவைக்கும் திரவம், உள்ள பாட்டிலைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்தப்போவது.

பாகுத்தன்மையைக் குறைக்க நான்கு வழிகள் உண்டு. ரெசினையும் அச்சையும் சற்றுச் சூடாக்கலாம். ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரை மெல்லியதாகத் தேர்ந்தெடுக்கலாம். அடிப்படை ரெசினையே மெல்லியதாகத் தேர்ந்தெடுக்கலாம். டைல்யூவன்ட் சேர்க்கலாம். இந்த நான்குக்கும் விலை உண்டு. ஒவ்வொன்றின் விலையும் வேறு. வெப்பத்துக்குக் கொடுக்கும் விலை நேரம். டைல்யூவன்டுக்குக் கொடுக்கும் விலை, இறுகிய பொருளின் வெப்பத் தாங்குதிறன். நேரத்தை மீட்க வழிகள் உண்டு, வெப்பத் தாங்குதிறன் போனால் போனதுதான். அதனால்தான் அந்த வரிசை.

எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும்?

பாகுத்தன்மையை சென்டிபாய்ஸ் என்ற அலகில் சொல்வது வழக்கம். ஒரு சென்டிபாய்ஸும் ஒரு மில்லி பாஸ்கல் வினாடியும் ஒன்றே. 20 டிகிரி செல்சியஸில் தண்ணீர் ஏறத்தாழ 1 சென்டிபாய்ஸ். தேன் பல ஆயிரம். எதுவும் கலக்காத சாதாரண திரவ எப்பாக்சி ரெசின் 25 டிகிரியில் 11,000 முதல் 14,000 வரை இருக்கும்.

உங்களுக்கு வேண்டிய எண்ணைச் செய்முறைதான் தீர்மானிக்கிறது. கையால் தூரிகையும் உருளையும் கொண்டு பூசுவதற்கு 500 முதல் 1,500 வரை வசதியானது. அதற்கும் கீழே போனால் செங்குத்துப் பரப்பில் ரெசின் வழிந்துவிடும். இழையை ரெசின் தொட்டியில் தோய்த்து உருளையில் சுற்றும் முறைக்கு 2,000 வரைகூடச் சமாளிக்கலாம். உலர்ந்த துணியை அச்சில் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் உறையிட்டு, வெற்றிடத்தால் ரெசினை உறிஞ்ச வைக்கும் வெற்றிட உட்செலுத்தல் முறைக்கு, ஹார்டனர் கலந்த நிலையில் 150 முதல் 350 வரை இருந்தால் நல்லது. இங்கே ரெசினைத் தள்ளுவதற்கு ஒரு வளிமண்டல அழுத்தம் மட்டுமே இருக்கிறது. மூடிய அச்சுக்குள் பம்பால் செலுத்தும் முறையில் அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ள முடியும் என்பதால் சற்றுத் தடித்த ரெசினும் ஓடும்.

நுண்துளைப் பொருளுக்குள் திரவம் எப்படி ஓடுகிறது என்பதற்கு ஹென்றி டார்சி 1856இல் வெளியிட்ட விதி இன்றும் கூட்டுப்பொருள் பட்டறையின் அடிப்படைக் கணக்காக இருக்கிறது. நேர்க்கோட்டு ஓட்டத்துக்கு அதை இப்படி எழுதலாம்: நிரம்பும் நேரம் = துளைவிகிதம் × பாகுத்தன்மை × தூரத்தின் வர்க்கம் ÷ (2 × ஊடுருவுதிறன் × அழுத்த வேறுபாடு). துளைவிகிதம் என்பது துணி அடுக்கில் காலி இடத்தின் பங்கு, ஊடுருவுதிறன் என்பது திரவத்தை அது எவ்வளவு எளிதாக ஓடவிடுகிறது என்பதன் அளவு. ஒரு துணி அடுக்கின் துளைவிகிதம் 0.5, ஊடுருவுதிறன் பத்தின் அடுக்கு கழித்தல் 10 சதுர மீட்டர், அழுத்தம் 1 லட்சம் பாஸ்கல், ரெசின் 300 சென்டிபாய்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அரை மீட்டர் தூரம் நிரம்ப 1,875 வினாடி, அதாவது அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அதே ரெசின் ஒரு மீட்டர் போக இரண்டு மணி நேரத்துக்கும் கூடுதலாக ஆகும். பாகுத்தன்மையைப் பாதியாக்கினால் நேரம் பாதியாகும். தூரத்தைப் பாதியாக்கினால் நேரம் கால் பங்காகும். ஆகவே ரெசினை மாற்றத் தொடங்கும் முன், உள்ளே விடும் குழாய்களை நெருக்கமாக வைக்க முடியுமா, துணிமேல் ஓட்ட வலை போட முடியுமா என்று பாருங்கள். பட்டறையில் தீர்க்கக்கூடிய சிக்கலை வேதியியலில் தீர்க்கப் போனால் நல்ல ரெசின் வீணாகக் கெட்டுப்போகும்.

மிகவும் மெல்லியதாகப் போவதும் தவறு. கலவை 100 சென்டிபாய்ஸுக்குக் கீழே இறங்கினால், துணிக்கும் அச்சு ஓரத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியே ரெசின் முந்திக்கொண்டு ஓடிவிடும். இழைக்கற்றைகளின் உட்புறம் உலர்ந்தபடியே சூழப்படும். நிரம்பிய பிறகு வெற்றிடக் குழாய் ரெசினை மேலும் மேலும் உறிஞ்சி, பலகையை ரெசின் பற்றாக்குறையோடு விடும்.

இந்தக் கட்டத்திலேயே ஒரு தாளில் ஐந்து விவரங்களை எழுதிவையுங்கள்: அச்சின் வெப்பநிலை, அந்த வெப்பநிலையில் வேண்டிய பாகுத்தன்மை, அது 500 சென்டிபாய்ஸைத் தாண்டாமல் இருக்க வேண்டிய நேரம், இறுகவைக்க உங்களிடம் இருக்கும் உச்ச வெப்பநிலை, செய்யப்போகும் பொருள் பயன்பாட்டில் சந்திக்கும் உச்ச வெப்பநிலை. கடைசி விவரத்தை எழுதாமல் தொடங்குபவர்கள் ஏராளம். அதுதான் எவ்வளவு டைல்யூவன்ட் சேர்க்கலாம் என்பதற்கு எல்லை போடுகிறது.

அடிப்படை ரெசின்

பெரும்பாலான வேலைகளுக்குத் தொடக்கப் புள்ளி, பிஸ்பீனால்-ஏ டைகிளைசிடைல் ஈதர். இதன் தூய மூலக்கூறின் எடை 340. இரு முனைகளிலும் எப்பாக்சி வளையம் இருப்பதால், ஒரு வளையத்துக்கு உரிய எடையான எப்பாக்சி சமான எடை 170. விற்பனைக்கு வரும் திரவ ரெசினில் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் கொஞ்சம் கலந்திருப்பதால் சமான எடை 182 முதல் 192 வரை போகிறது, பாகுத்தன்மையும் 12,000ஐ ஒட்டி நிற்கிறது. அந்த நீண்ட சங்கிலிகளை வடித்து நீக்கிய ரகமும் கிடைக்கும். சமான எடை 172 முதல் 176, பாகுத்தன்மை 4,000 முதல் 6,000. டைல்யூவன்ட் ஒரு துளிகூடச் சேர்க்காமலே பாகுத்தன்மை பாதியாகிறது. ஆனால் தூய்மை கூடக்கூட இது படிகமாகும் போக்கும் கூடுகிறது. தூய மூலக்கூறின் உருகுநிலை 40 டிகிரிக்குச் சற்று மேல் இருப்பதே காரணம்.

பிஸ்பீனால்-எஃப் ரெசின் 2,500 முதல் 5,000 சென்டிபாய்ஸ் வரை இருக்கும். இது பல ஐசோமர்களின் கலவை என்பதால் எளிதில் படிகமாவதில்லை. ஏ ரகத்தோடு எஃப் ரகத்தை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கலப்பது, பாகுத்தன்மையையும் படிகமாதலையும் ஒரே அடியில் குறைக்கும் பழைய, நம்பகமான வழி. வெப்பத் தாங்குதிறன் சற்றே இறங்கும்; பெரும்பாலான பயன்பாடுகளில் அது பொருட்டல்ல.

சைக்ளோஅலிபாட்டிக் எப்பாக்சி என்று ஒரு வகை 250 முதல் 450 சென்டிபாய்ஸிலேயே கிடைக்கிறது. எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அமின் ஹார்டனர்களோடு இது மிக மந்தமாகவே வினைபுரியும். அன்ஹைட்ரைடு ஹார்டனரும் சூட்டு அடுப்பும் இருந்தால் மட்டும் இதைப் பற்றி யோசியுங்கள்.

ஹார்டனர்தான் பாதி வேலையைச் செய்கிறது

புதியவர்கள் மிகக் குறைவாகக் கவனிப்பது இந்தப் பகுதியை. நூறு பங்கு ரெசினுக்கு முப்பது பங்கு ஹார்டனர் போகிறது என்றால், அந்த முப்பது பங்கும் மெல்லிய திரவமாக இருந்தால் கலவையின் பாகுத்தன்மை நான்கில் ஒரு பங்குக்கு இறங்கும். அதே ஹார்டனர் ரெசினோடு முழுமையாகப் பிணைந்து வலையமைப்பின் உறுப்பாகவும் மாறுகிறது. சிறந்த டைல்யூவன்ட் ஹார்டனரே என்று சொல்வேன்.

வெற்றிட உட்செலுத்தலுக்குப் பரவலாகப் பயன்படுவது சராசரி மூலக்கூறு எடை 230 கொண்ட பாலியீதர் டைஅமின். பாகுத்தன்மை 10 சென்டிபாய்ஸை ஒட்டியது, வினைபுரியும் ஒரு ஹைட்ரஜனுக்கு உரிய எடையான அமின் ஹைட்ரஜன் சமான எடை 60. மெதுவாக வினைபுரிவதால் வேலை நேரம் தாராளமாகக் கிடைக்கும். வளையும் ஈதர் சங்கிலி என்பதால் இறுகிய ரெசின் விறைப்பை இழந்து மென்மையாகத் தொடங்கும் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை 90 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஐசோபோரோன் டைஅமின் வேறு குணம் கொண்டது: பாகுத்தன்மை 20ஐ ஒட்டியது, சமான எடை 42.6. கட்டியான வளைய அமைப்பு கொண்டதால், சரியாகச் சூட்டில் இறுகவைத்தால் 150 டிகிரி வரையிலான நிலைமாற்றத்தைத் தரும். இது முன்னதைவிட வேகமாக வினைபுரியும். இரண்டையும் கலந்து வேகத்தையும் வெப்பத் தாங்குதிறனையும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம். புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் முதல் பயிற்சி இந்தக் கலவைதான்.

டிரைஎத்திலீன் டெட்ராமின் போன்ற எத்திலீன் அமின்களும் மெல்லியவையே. ஆனால் நூறு பங்கு ரெசினுக்கு பதின்மூன்று பங்குதான் போகும் என்பதால் கலவையை அதிகம் நீர்க்கவைப்பதில்லை. வினை வேகமோ மிக அதிகம். பெரிய பலகையை நிரப்ப அவை பொருந்தாது.

மெத்தில் டெட்ராஹைட்ரோதாலிக் அன்ஹைட்ரைடு போன்ற திரவ அன்ஹைட்ரைடுகள் வேறொரு உலகம். நூறு பங்கு ரெசினுக்கு எண்பது தொண்ணூறு பங்குவரை போவதால் டைல்யூவன்ட் இல்லாமலே கலவை மெல்லியதாகிவிடும். அறை வெப்பநிலையில் பல மணி நேரம் அப்படியே கிடக்கும். இறுகவைக்க இமிடசோல் அல்லது மூன்றாம் நிலை அமின் போன்ற முடுக்கியும் 100 டிகிரிக்கு மேலான சூடும் வேண்டும். ஈரக்காற்று பட்டால் அன்ஹைட்ரைடு அமிலமாக மாறிக் கெடும்.

வேண்டுமானால் டைல்யூவன்ட்

இதுவரை சொன்ன மூன்றையும் முயன்று, இன்னும் எண் எட்டவில்லை என்றால் வினைபுரியும் டைல்யூவன்டுக்கு வாருங்கள். வினைபுரியும் என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. மூலக்கூறில் எப்பாக்சி வளையம் இருந்தால் அது இறுகும்போது வலையமைப்பில் சேரும்.

வளையம் ஒன்று மட்டும் இருந்தால் சங்கிலி அங்கேயே முடிந்துவிடும். பன்னிரண்டு முதல் பதினான்கு கார்பன் கொண்ட ஆல்கைல் கிளைசிடைல் ஈதர் இந்த வகை. 10 சென்டிபாய்ஸுக்கும் குறைவு என்பதால் மிகத் திறமையாக நீர்க்கவைக்கும். விலையாக வலையமைப்பு தளர்ந்து வெப்பத் தாங்குதிறன் வேகமாகச் சரியும். தரைப்பூச்சுக்கு நல்லது. சுமை தாங்கும் கூட்டுப்பொருளில் நான் இதைத் தவிர்ப்பேன்.

இரண்டு வளையம் கொண்ட 1,4-பியூட்டேன்டையால் டைகிளைசிடைல் ஈதரும் 1,6-ஹெக்ஸேன்டையால் டைகிளைசிடைல் ஈதரும் 15 முதல் 30 சென்டிபாய்ஸ் அளவில் இருப்பவை. சங்கிலி தொடர்ந்து பிணைவதால் இழப்பு குறைவு. உட்செலுத்தல் ரெசின்களில் அதிகம் காணப்படுபவை இவைதான். ரெசின் பகுதியில் 10 முதல் 15 விழுக்காடு வரை தொடங்கிப் பாருங்கள். 20ஐத் தாண்ட வேண்டியிருந்தால் ஹார்டனர் தேர்வுக்குத் திரும்பிப் போவது நல்லது. மூன்று வளையம் கொண்ட டிரைமெத்திலால்புரோப்பேன் டிரைகிளைசிடைல் ஈதர் 100 முதல் 200 வரை. நீர்க்கவைக்கும் திறன் குறைவு, வெப்பத் தாங்குதிறனில் இழப்பும் குறைவு. இந்த ஈதர்களில் தயாரிப்பின்போது தங்கிவிடும் குளோரின் ரகத்துக்கு ரகம் மாறும், அதோடு இறுகும் வேகமும் மாறும். ஆகவே ஒரு ரகத்தில் ஒத்துவந்த கணக்கை இன்னொரு ரகத்துக்குச் சோதிக்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது.

வினைபுரியாத திரவங்களைக் கூட்டுப்பொருளில் சேர்க்காதீர்கள். அசிட்டோன் வெற்றிடத்தில் கொதித்துக் குமிழியாகும். மிச்சமிருப்பது உள்ளே சிக்கி ரெசினை மென்மையாக்கும். பென்சைல் ஆல்கஹால் தங்கிவிடும், வலையில் பிணையாது, காலப்போக்கில் வெளியே கசியும். பூச்சுகளுக்கு அது பழக்கமான சேர்மானம் என்பதால், பூச்சுக்காக எழுதப்பட்ட சூத்திரத்தை அப்படியே எடுப்பவர்கள் இதில் சிக்கிக்கொள்கிறார்கள்.

விகிதக் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை போட்டுப் பார்ப்போம். ரெசின் பகுதி: 85 கிராம் பிஸ்பீனால்-ஏ ரெசின், சமான எடை 187, 15 கிராம் ஹெக்ஸேன்டையால் டைகிளைசிடைல் ஈதர், சமான எடை 150.

85ஐ 187ஆல் வகுத்தால் 0.4545. 15ஐ 150ஆல் வகுத்தால் 0.1. கூட்டினால் 0.5545. நூறை இதனால் வகுத்தால் 180.3, இதுவே கலவையின் எப்பாக்சி சமான எடை.

ஹார்டனர் பகுதி: 70 கிராம் பாலியீதர் டைஅமின், 30 கிராம் ஐசோபோரோன் டைஅமின். 70ஐ 60ஆல் வகுத்தால் 1.1667. 30ஐ 42.6ஆல் வகுத்தால் 0.7042. கூட்டுத்தொகை 1.8709. நூறை இதனால் வகுத்தால் 53.45.

நூறு கிராம் ரெசின் பகுதிக்கு வேண்டிய ஹார்டனர், 53.45ஐ 180.3ஆல் வகுத்து நூறால் பெருக்க, 29.6 கிராம்.

சமான எடைகளை வெறும் சராசரியாகப் போட்டுவிடக் கூடாது. மேலே செய்தது போலத் தலைகீழாகக் கூட்டியே தீர வேண்டும். விவரத்தாளில் ஒரு வீச்சு கொடுத்திருப்பார்கள். அதன் நடுவை எடுக்காமல், உங்கள் கையிலுள்ள தொகுதியின் சான்றிதழில் இருக்கும் எண்ணை எடுங்கள். எப்பாக்சி சமான எடையை நீங்களே அளக்க ஐஎஸ்ஓ 3001 என்ற தரமுறை இருக்கிறது. பெர்குளோரிக் அமிலத்தால் தரம்பார்க்கும் முறை. ஹார்டனரில் 1.5 கிராம் பிசகினால் விகிதம் 5 விழுக்காடு நகர்ந்துவிடும் என்பதால் கன அளவால் அளக்காமல் தராசில் நிறுத்தே கலக்க வேண்டும். அன்ஹைட்ரைடுக்கு மட்டும் முழுச் சமானம் போடாமல் 0.85 முதல் 1 வரை சோதித்துத் தேர்ந்தெடுப்பது வழக்கம்.

கையுறை போட்ட பிறகு கலக்குங்கள்

மெல்லிய டைல்யூவன்டுகள் சாதாரண ரெசினைவிட எளிதாகத் தோலுக்குள் இறங்கி ஒவ்வாமையை உண்டாக்கும். அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் இருக்கும். பிறகு இந்தத் துறையிலேயே வேலை செய்ய முடியாமல் போகலாம். நைட்ரைல் கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் ஆகிய மூன்றும் கட்டாயம். கையுறை நனைந்தால் உடனே மாற்றுங்கள். தோலில் பட்டதை சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். அசிட்டோனால் துடைத்தால் ரெசினைத் தோலுக்குள் இன்னும் ஆழமாகக் கொண்டுபோகும். அமின்கள் தோலையும் கண்ணையும் அரிக்கும். அன்ஹைட்ரைடு ஆவி மூச்சுக்குழாய் ஒவ்வாமையைக் கிளப்பும்.

இன்னோர் ஆபத்து வெப்பம். ஒரு சமானம் எப்பாக்சி இறுகும்போது ஏறத்தாழ 100 கிலோ ஜூல் வெளியாகும். நம் எடுத்துக்காட்டில் ஒரு சமானத்துக்கு ரெசினும் ஹார்டனருமாக 234 கிராம். அதாவது கிராமுக்கு 430 ஜூலை ஒட்டி. வெப்பம் எங்கும் போக முடியாவிட்டால் கலவை தன் தொடக்க வெப்பநிலைக்கு மேல் 200 டிகிரி ஏறிவிடும். கலந்த ரெசினை ஆழமான வாளியில் விட்டுவைப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இந்த எண்ணே போதும். மிஞ்சியதைத் தட்டையான தட்டில் மெல்லியதாகப் பரப்பி, திறந்த வெளியில் இறுகவிடுங்கள். சூடேறிப் புகையத் தொடங்கிய வாளிக்குமேல் குனியவே கூடாது.

அளப்பது ஒரு எண்ணை அல்ல, ஒரு வளைவை

ரெசின் பகுதியையும் ஹார்டனர் பகுதியையும் முதலில் தனித்தனியே தயாரித்து, ஓரிரவு விட்டு, பிறகு அளவிடுங்கள். கூம்பும் தட்டும் கொண்ட சுழல் பாகுமானி இருந்தால் சில துளிகள் போதும். வெப்பநிலையும் விரைவாக நிலைபெறும். நீர்க்குளியலில் வைத்த கண்ணாடிக் குவளையில் சுழலும் தண்டு வகையும் வேலை செய்யும். எதுவானாலும் வெப்பநிலையை அரை டிகிரிக்குள் பிடித்துவைக்க வேண்டும். எப்பாக்சியின் பாகுத்தன்மை 10 டிகிரி ஏற்றத்துக்குப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். சாதாரண திரவ ரெசின் 50 டிகிரியில் ஆயிரத்துக்கும் கீழே போய்விடும். வெப்பநிலை எழுதப்படாத பாகுத்தன்மை எண்ணைக் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள்.

கலவையின் பாகுத்தன்மையை முன்கூட்டியே கணிக்க, ஒவ்வொன்றின் பாகுத்தன்மையின் மடக்கையையும் அதன் எடைப் பங்கால் பெருக்கிக் கூட்டுவது வழக்கம். நம் ரெசின் பகுதிக்கு அது 4,600 என்று காட்டும். அளந்தால் ஆயிரத்தை ஒட்டிய எண்தான் வரும். மிக மெல்லிய டைல்யூவன்டுகள் இந்தக் கணக்கு சொல்வதைவிட வெகுவாகப் பாகுத்தன்மையைக் குறைக்கும். கணக்கு, சேர்மானங்களை வரிசைப்படுத்த உதவும். அளவைத் தீர்மானிக்க உதவாது. ஹார்டனர் கலந்த பிறகு இது 200 முதல் 300 வரை இறங்கி நிற்கும், அதாவது உட்செலுத்தலுக்கு வேண்டிய இடத்தில்.

கலந்த கணத்திலிருந்து இரண்டாவது கதை தொடங்குகிறது. பட்டறையின் உண்மையான வெப்பநிலையில், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பாகுத்தன்மையைக் குறித்து, அதன் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைபடமாக்குங்கள். தொடக்கப் பகுதி பெரும்பாலும் நேர்க்கோடாக இருக்கும். இதை 25, 30, 40 டிகிரி என்று மூன்று வெப்பநிலைகளில் செய்தால் மிக முக்கியமான ஒன்று கண்ணுக்குத் தெரியும்: சூடாக்கினால் தொடக்க எண் இறங்குகிறது, கோட்டின் சரிவோ கூடுகிறது; எந்த இரு கோடுகளும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்கின்றன. உங்கள் அச்சு நிரம்ப ஆகும் நேரம் அந்த வெட்டுப் புள்ளிக்கு முன்னால் இருந்தால் சூடாக்குவது லாபம், பின்னால் இருந்தால் நட்டம். டைல்யூவன்ட் தேவையா என்ற கேள்விக்கு விடை இந்த வரைபடத்தில் இருக்கிறது.

விவரத்தாள்களில் இருக்கும் பயன்பாட்டு நேரம் பெரும்பாலும் 100 கிராம் கலவை குவளையில் ஜெல் ஆகும் நேரம். குவளையில் கலவை தானே சூடேறுவதால் அது வேறு. துணியில் மெல்லியதாகப் பரவிய ரெசினின் வேலை நேரம் வேறு, பல மடங்கு நீளமானது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, தேவையில்லாமல் மந்தமான ஹார்டனரைத் தேடுபவர்கள் உண்டு.

காற்றை எடுத்தல், துணியில் ஓட்டிப் பார்த்தல்

கலக்கும்போது புகுந்த காற்றை வெற்றிடத்தில் எடுக்க வேண்டும். குவளையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், நுரை எழும்பும். நுரை உடைந்து அடங்கிய பிறகும் குமிழி வந்துகொண்டே இருந்தால், அது காற்றாக இருக்காது. வெற்றிடம் மிக ஆழமாகி, ஆவியாகும் சேர்மானம் ஏதோ ஒன்று கொதிக்கத் தொடங்கியிருக்கும். அப்படி இழந்தால் விகிதமும் மாறும்.

அடுத்து, கண்ணாடித் தகட்டில் கண்ணாடி இழைத் துணியைப் பட்டையாக அடுக்கி, உறையிட்டு, 5 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு வரைந்து ரெசினை ஓடவிடுங்கள். கார்பன் இழையில் தொடங்க வேண்டாம். கறுப்புத் துணியில் நனைந்ததும் நனையாததும் தெரியாது. முன்முனை ஒவ்வொரு கோட்டையும் தொடும் நேரத்தைக் குறித்து, தூரத்தின் வர்க்கத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்க்கோடு கிடைக்கும். அது வளைந்து படுக்கத் தொடங்கும் இடத்தில் ரெசின் தடிக்கத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். தகட்டின் அடிப்பக்கத்திலிருந்து பாருங்கள். முன்முனை கடந்துபோன பிறகும் கற்றைகளுக்குள் வெண்மை நீடித்தால், பாகுத்தன்மை போதும், நனைத்தல் போதவில்லை. இழைமேல் பூசியிருக்கும் படலம் எப்பாக்சிக்கு ஏற்றதா என்று துணி தயாரிப்பாளரிடம் கேளுங்கள். பாலியெஸ்டருக்கென்று பூசப்பட்ட துணியில் எந்த டைல்யூவன்டும் உதவாது. இந்தச் சோதனை மேசையின் அருகில் சிலிகோன் எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது.

இறுகவைத்தல்

அறை வெப்பநிலையில் இறுகும் எப்பாக்சி முழுமையாக இறுகுவதில்லை. நிலைமாற்ற வெப்பநிலை ஏறிக்கொண்டே வந்து, இறுகவைக்கும் வெப்பநிலையைச் சற்றுத் தாண்டியதும் மூலக்கூறுகள் அசைய முடியாமல் வினை நின்றுவிடும். தட்டினால் கடினமாக இருக்கும், உள்ளே வினைபுரியாத முனைகள் மிஞ்சியிருக்கும். அதனால் பின்சூடு தேவை. நம் எடுத்துக்காட்டுக் கலவைக்கு அறையில் ஒரு நாள் விட்டு, பிறகு 80 டிகிரியில் சில மணி நேரம் என்று தொடங்கலாம். மணிக்கு 10 டிகிரி அளவில் மெதுவாக ஏற்றுங்கள். வேகமாக ஏற்றினால், வினை முன்னேறுவதற்குள் ரெசின் மென்மையாகி, அச்சிலிருந்து எடுத்த பலகை கோணிவிடும்.

வெப்ப அளவீட்டுக் கருவியான டிஎஸ்சியில் ஒரு துண்டை வைத்துச் சூடேற்றினால், மிஞ்சிய வினை ஒரு சிறு மேடாகத் தெரியும். மேடு இருந்தால் பின்சூடு போதவில்லை. மேடு மறைந்த பிறகு கிடைக்கும் நிலைமாற்ற வெப்பநிலைதான் உங்கள் சூத்திரத்தின் உண்மையான எண். பொருள் சந்திக்கும் உச்ச வெப்பநிலைக்கு மேலே அது குறைந்தது 20, 30 டிகிரி இருக்க வேண்டும், ஏனெனில் ஈரம் உறிஞ்சிய ரெசினில் அது மேலும் இறங்கும்.

பலகையில் சோதித்தல்

ரெசினை மட்டும் வார்த்து ஐஎஸ்ஓ 527 முறையில் இழுத்துப் பார்ப்பது அவசியம்தான், ஆனால் தீர்ப்பு இழையோடு சேர்ந்த பலகையில்தான் கிடைக்கும். குட்டைத் துண்டை மூன்று புள்ளிகளில் வளைத்து அடுக்குகளுக்கு இடையிலான சறுக்கு வலிமையை அளக்கும் ஐஎஸ்ஓ 14130 சோதனையை நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன். ரெசின், இழைப் பிடிப்பு, காற்றுத் துளை ஆகிய மூன்றின் குறையையும் அது ஒரே எண்ணில் காட்டிக்கொடுக்கும், துண்டுகளும் சிறியவை. கொஞ்சம் துண்டுகளைக் கொதிநீரில் ஒரு நாள் வைத்து மீண்டும் சோதித்து ஒப்பிடுங்கள். டைல்யூவன்ட் கூடிய சூத்திரங்கள் இந்த ஒப்பீட்டில்தான் பின்தங்கும்.

கண்ணாடி இழைப் பலகையில் ரெசினை உலையில் எரித்து நீக்கி, மிஞ்சும் இழையை நிறுத்தால், இழைப் பங்கும் அடர்த்திக் கணக்கின் வழியே காற்றுத் துளையின் பங்கும் கிடைக்கும். துளை 2 விழுக்காட்டைத் தாண்டினால், ரெசினைக் குறை சொல்லும் முன் உறையின் கசிவைத் தேடுங்கள்.

கிடங்கில் வைத்தால் என்ன ஆகும்?

மெல்லிய ரெசினில் மூலக்கூறுகள் எளிதாக நகர்வதால் படிகங்கள் வளர்வதும் எளிது. டைல்யூவன்ட் சேர்த்த பிறகு படிகமாதல் குறையாமல் கூடுவதும் உண்டு. ஒரு மாதிரியைக் குளிரில் வைத்து வாரந்தோறும் பாருங்கள்; ஐஎஸ்ஓ 4895 இதற்கென்றே உள்ள சோதனை. அடியில் வெண்மையாகப் படிந்தால் ரெசின் கெட்டுவிடவில்லை. 50 முதல் 60 டிகிரியில் முழுத் தெளிவு வரும்வரை சூடாக்கிக் கலக்கினால் பழைய நிலைக்கு வரும். சிறு படிகம் மிஞ்சினாலும் அதுவே விதையாகி மீண்டும் வளரும் என்பதால் அவசரப்பட்டுப் பாதியில் நிறுத்தக் கூடாது.

அமின் ஹார்டனரின் எதிரி, காற்றிலுள்ள ஈரமும் கார்பன் டைஆக்சைடும். திறந்து வைத்தால் மேலே வெண்படலம் படியும். அதோடு கலந்த ரெசினின் பரப்பு பிசுபிசுப்பாக இருக்கும், அடுத்த அடுக்கு ஒட்டாது. டப்பாவை எடுத்தவுடன் மூடி, முடிந்தால் உலர்ந்த நைட்ரஜனை நிரப்பி வையுங்கள். ஒவ்வொரு தொகுதியின் சமான எடை, 25 டிகிரி பாகுத்தன்மை, திறந்த தேதி ஆகியவற்றை டப்பாவின்மேலேயே எழுதி ஒட்டுங்கள். அடுத்த தொகுதி வந்ததும் விகிதக் கணக்கை அந்தச் சமான எடையில் புதிதாகப் போட்டு, ஒரு குவளை கலந்து வளைவை மீண்டும் ஒருமுறை வரைந்த பிறகே பெரிய அச்சுக்குப் போங்கள்.